‘எனக்கும் அப்படித்தான்’: டிமென்ஷியா என்று தெரிந்தவர்களுக்காக முதன்முதலில் குழு நடத்துகிறவர்களுக்கு

முதல் குழுவில் நான் செய்த முதல் காரியம், பலகையில் மூளையை வரைந்ததுதான். புதிய நினைவுகளைப் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸ் எங்கே இருக்கிறது, நேற்று நடந்தது ஏன் பதிவதில்லை, 50 வருடத்துக்கு முன்னால் நடந்தது ஏன் அழியாமல் நிற்கிறது என்று 40 நிமிடம் விளக்கினேன். சுற்றி உட்கார்ந்திருந்த 7 பேரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். அடுத்த வாரம் 4 பேர்தான் வந்தார்கள். வராத ஒருவருக்குப் போன் செய்தேன். "நல்லாத்தான் சொன்னீங்க. ஆனா எனக்கு என்னமோ பரீட்சைக்கு வந்த மாதிரி இருந்துச்சு" என்றார்.

அந்தத் தப்பைச் செய்யாமல் தொடங்க நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உளவியலாளரோ, சமூகப் பணியாளரோ, செவிலியரோ, பயிற்சி பெற்ற தன்னார்வலரோ, யாராகவும் இருக்கலாம். டிமென்ஷியா, அதாவது நினைவும் சிந்தனையும் படிப்படியாகக் குறையும் மூளை நோய், என்று அண்மையில் மருத்துவர் சொல்லிவிட்ட சிலரை உட்கார வைத்து, அவர்கள் அந்தச் செய்தியோடு பழகிக்கொள்ள உதவ வேண்டும். பராமரிக்கிற குடும்பத்தாருக்கான குழு வேறு. இது நோய் உள்ளவர்களே பேசும் குழு. கீழே வரும் ஆட்களைப் பற்றிய அடையாளங்களையெல்லாம் மாற்றியிருக்கிறேன்.

எதற்காக இந்தக் குழு

எதற்கு இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நினைவாற்றலைக் கூட்டுவதற்கு இல்லை. அதற்கு அறிவுத் தூண்டல் சிகிச்சை என்று தனியாக ஒன்று உண்டு. ஏமி ஸ்பெக்டர், மார்ட்டின் ஆரல் போன்றவர்கள் பிரிட்டனில் உருவாக்கியது. வாரம் 2 தடவையாக 7 வாரம், மொத்தம் 14 அமர்வுகள். பாட்டு, படம், சொல் விளையாட்டு என்று கலகலப்பாகப் போகும். நல்ல சிகிச்சைதான். ஆனால் "எனக்கு இது வந்துடுச்சே, இனிமே நான் யாரு?" என்ற கேள்விக்கு அங்கே இடம் குறைவு. நம் குழு அந்தக் கேள்விக்காகக் கூடுகிறது.

"அவங்களாலேயே பேச முடியுமா?" என்று கேட்பார்கள். முடியும். நோயின் தொடக்க நிலையில் இருக்கிறவர்களுக்கு அமெரிக்காவில் ராபின் யேல் 1980களின் இறுதியிலேயே குழு நடத்தத் தொடங்கிவிட்டார். பிரிட்டனில் உளவியலாளர் ரிக் செஸ்டன், குழுவாக நடத்தும் உளச்சிகிச்சையில் தொடங்கி, பிறகு லிவ்டெம் என்ற 8 வார முறையை வகுத்தார். சியாட்டிலில் ரெபெக்கா லாக்ஸ்டன் தலைமையில் நடந்த சோதனையின் முடிவு 2010இல் வெளிவந்தது. நோயுள்ளவரும் குடும்பத்தாருமாக 142 இணைகள்; 9 வாரக் குழுவில் இருந்தவர்களுக்கு வாழ்க்கைத் தரம் கூடி, மனச்சோர்வு குறைந்திருந்தது. நோய் நின்றுவிடவில்லை. அதை யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

ஒருவர் இந்தச் செய்தியை எப்படி உள்ளே வாங்குகிறார் என்று புரிந்துகொள்ள எனக்குப் பெரிதும் உதவியது, அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஸ்டைல்ஸ் வகுத்த ‘உள்வாங்கல்’ என்ற கோட்பாட்டு மாதிரி. வேதனை தரும் ஓர் அனுபவம் மனத்தில் போய்ச் சேரும் வழியை அவர் 0 முதல் 7 வரை படிகளாகப் பிரிக்கிறார். 0இல் விஷயம் மனத்தின் வாசலுக்கே வருவதில்லை. 1இல் வருகிறது, உடனே விரட்டப்படுகிறது. பேச்சை மாற்றுவது, சிரித்து மழுப்புவது எல்லாம் இங்கேதான். 2இல் இன்னதென்று சொல்லத் தெரியாத கலக்கமும் அழுகையும். 3இல்தான் "என் பிரச்சினை இதுதான்" என்று வாய் திறந்து சொல்ல வருகிறது. புரிதல், சமாளிக்கும் வழி எல்லாம் அதற்கு மேலே. செஸ்டன் இதை டிமென்ஷியா குழுக்களுக்குப் பொருத்திப் பார்த்தார்.

இந்தப் படிகளில் நீங்கள் நினைவில் வைக்க வேண்டியது ஒன்று உண்டு. சிரித்து மழுப்பிக்கொண்டிருந்தவர் 1இலிருந்து 2க்கு வந்தால் அழ ஆரம்பிப்பார். "குழுவுக்கு வந்த பிறகுதான் இவர் மோசமாயிட்டார்" என்று வீட்டில் சொல்வார்கள். உண்மையில் அவர் ஒரு படி நகர்ந்திருக்கிறார். இதைக் குழு தொடங்கும் முன்பே வீட்டாரிடம் சொல்லி வையுங்கள். இன்னொன்று, யாரும் படியேறிய இடத்திலேயே நிற்பதில்லை. ஒரே அமர்வில் 3 வரை வந்துவிட்டு, தேநீர் குடித்து முடிப்பதற்குள் "எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்" என்று 1க்குத் திரும்புகிறவர்கள் உண்டு. அதைப் பொய் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சூடான பாத்திரத்தைத் தொட்டுவிட்டுக் கையை எடுப்பது போலத்தான். மறுபடி தொடுவார்கள்.

படி 1: ஒவ்வொருவரையும் தனியாகப் பாருங்கள்

பெயர்ப் பட்டியலை வாங்கிக்கொண்டு நேராகக் குழுவைத் தொடங்காதீர்கள். ஒவ்வொருவரையும் அரை மணி நேரமாவது தனியாகச் சந்திக்க வேண்டும். "உங்களுக்கு டிமென்ஷியா இருக்குன்னு தெரியுமா?" என்று கேட்டால் கதவு சாத்திக்கொள்ளும். "டாக்டர் உங்ககிட்ட என்ன சொன்னாங்க?" என்று கேளுங்கள். அவர் எந்தச் சொல்லைச் சொல்கிறாரோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் பார்க்க வேண்டியவை: நோயின் பெயரை மருத்துவர் இவரிடமே சொல்லியிருக்கிறாரா, ஏதோ ஒரு தடுமாற்றம் இருப்பதை, சிறிதளவாவது, தானே ஒப்புக்கொள்கிறாரா, நான்கு பேர் பேசும்போது பேச்சைத் தொடர முடிகிறதா, வர விருப்பமா. கடைசிக் கேள்விக்கு மகனோ மனைவியோ பதில் சொன்னால் அது கணக்கில் சேராது.

சிலருக்கு இந்தக் குழு ஒத்துவராது. மூளையின் முன்பகுதியையும் பக்கவாட்டையும் தாக்கும் டிமென்ஷியா வகையில் தனக்கு நோய் இருக்கும் உணர்வே பலருக்கு மங்கிவிடும். மற்றவர் அழும்போது சம்பந்தமில்லாமல் சிரிக்கவும் கூடும். இவர்களுக்குத் தனியாக வேறு ஏற்பாடு தேடுங்கள். லூயி உடல் டிமென்ஷியா (மூளைச் செல்களில் ‘லூயி உடல்கள்’ என்ற புரதத் திரட்சிகள் சேரும் வகை) உள்ளவர்களைத் தாராளமாகச் சேர்க்கலாம். இவர்களுடைய கவனம் ஒரு நாள் தெளிவாகவும் மறுநாள் கலங்கியும் இருக்கும் என்பதை மட்டும் முன்பே தெரிந்து வைத்திருங்கள்.

6 முதல் 8 பேர் போதும். எண்ணிக்கையைவிடச் சேர்க்கை முக்கியம். 58 வயதுக்காரர் ஒருவரை, சுற்றி எல்லாரும் 80 வயதுக்காரர்களாக இருக்கும் குழுவில் தனியாக உட்கார வைக்காதீர்கள். வேலை பறிபோவதும் வீட்டுக் கடனும் பிள்ளைகளின் படிப்பும் அவருடைய கவலைகள்; அதற்குத் துணை வேண்டும். ஆண்களுக்கு நடுவே ஒரே ஒரு பெண் என்பதும் அப்படித்தான்.

தற்கொலை எண்ணத்தைப் பற்றி இந்தத் தனிச் சந்திப்பிலேயே நேராகக் கேட்டுவிடுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. நோய் தெரிந்த முதல் 3 மாதங்களிலும், 65 வயதுக்கு முன்பே நோய் கண்டவர்களிடமும் இந்த ஆபத்து கூடுதல் என்று இங்கிலாந்தின் மருத்துவப் பதிவுகளை வைத்துச் செய்து 2022இல் வெளியான ஆய்வு சொல்கிறது. நம் குழுவுக்கு வருகிறவர்கள் சரியாக அந்தக் காலத்தில்தான் வருகிறார்கள். யாரைக் கூப்பிடுவது, எந்த மருத்துவரிடம் அனுப்புவது என்பது முதல் அமர்வுக்கு முன்பே எழுத்தில் இருக்க வேண்டும்.

"அவருக்கு விஷயம் தெரியாது, நீங்களும் சொல்லிடாதீங்க" என்று கேட்கிற குடும்பங்கள் வரும். அன்பினால்தான் சொல்கிறார்கள். செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பிரையன் கார்பென்டர் குழுவினர் பரிசோதனைக்கு வந்த 90 பேரிடம் பார்த்து 2008இல் எழுதியதை அவர்களுக்குச் சொல்லலாம்: முடிவைத் தெரிவித்த பிறகு மனச்சோர்வு கூடவில்லை, பதற்றம் குறைந்தது. இதைக் கேட்டும் அவர்கள் மறுத்தால் அவரை இந்தக் குழுவில் சேர்க்காதீர்கள். ஒருவரிடம் மட்டும் ஒளிக்க வேண்டும் என்றால் குழுவே வாயடைத்துப்போகும்.

படி 2: சொல்லைப் பற்றி முடிவெடுங்கள்

இதில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். தமிழில் நமக்கு இரட்டைச் சங்கடம். மறதிநோய் என்றால் கேட்கிறவருக்கு ‘மறதி’ மட்டும்தான் காதில் விழும். "வயசானா மறதி வரத்தானே செய்யும்" என்று சொல்லி எழுந்துவிடுவார். வழியும் சொல்லும் தடுமாறுவதும், கணக்கு பிசகுவதும், சுபாவம் மாறுவதும் அந்தச் சொல்லுக்குள் அடங்கவில்லை. மறுபக்கம், நம் பேச்சுவழக்கில் இருக்கும் பழைய சொற்கள் கத்தி மாதிரி: புத்தி பேதலித்துவிட்டது, அறளை பெயர்ந்துவிட்டது. டிமென்ஷியா என்ற லத்தீன் சொல்லும் பிறப்பில் ஒன்றும் சாது இல்லை, மனம் நீங்கிய நிலை என்றுதான் அதற்கும் பொருள். ஜப்பானில் மூடத்தனத்தைக் குறிக்கும் பழைய சொல்லை 2004இல் அரசே கைவிட்டு, அறிதிறன் சார்ந்த புதிய சொல்லைக் கொண்டுவந்தது. நமக்கு அப்படி ஒரு நல்ல சொல் இன்னும் நாக்கில் வந்து உட்காரவில்லை என்பது என் எண்ணம்.

நான் செய்வது இது. முதல் இரண்டு வாரமும் அவரவர் சொல்லையே எடுத்து ஆள்வேன். ஒருவர் ‘இந்தக் குழப்பம்’ என்பார், இன்னொருவர் ‘மண்டைக் கோளாறு’ என்று சிரிப்பார். அந்தச் சொற்களைப் பலகையில் எழுதி வைப்பேன். மூன்றாம் வாரம் வாக்கில் "டாக்டர்கள் இதுக்கு என்ன பேர் சொல்றாங்க?" என்று கேட்டால், யாராவது ஒருவர் டிமென்ஷியா என்பார், அல்லது அதில் அதிகம் காணப்படும் வகையின் பெயரான அல்சைமர் என்பார். அவர் வாயிலிருந்து வந்தால் அறை தாங்கும். லிவ்டெம் முறையிலும் அந்தச் சொல் படிப்படியாகத்தான் பேச்சுக்குள் வருகிறது. அதற்காகக் கடைசிவரை சொல்லாமலே விட்டுவிடவும் கூடாது. நாமே அந்தச் சொல்லைத் தவிர்த்தால், வாயில் வைக்கக்கூடாத சொல் அது என்று நாமே அவர்களுக்குக் கற்றுக்கொடுத்துவிடுகிறோம்.

படி 3: அறையும் ஆட்களும்

நடத்த இருவர் வேண்டும். ஒருவர் பேச்சைப் பார்ப்பார், மற்றவர் முகங்களைப் பார்ப்பார். யாராவது எழுந்து வெளியே போனால் கூடப் போவதற்கும் ஆள் வேண்டுமே. வாரம் ஒரு தடவை, ஒவ்வொரு வாரமும் அதே கிழமை, அதே நேரம், அதே அறை. 75 முதல் 90 நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. எதிரொலிக்கும் அறையும் சுழலும் மின்விசிறிச் சத்தமும் காது மந்தமானவர்களைப் பேச்சிலிருந்து வெளியே தள்ளிவிடும். பெயர் அட்டையைத் தூரத்திலிருந்து படிக்கும் அளவுக்குப் பெரிதாக எழுதுங்கள். நீங்களும் ஒன்று குத்திக்கொள்ளுங்கள். கழிப்பறைக்குப் போய்த் திரும்பும் வழியில் அம்புக்குறி ஒட்டுங்கள். முந்தின நாள் மாலையிலும் வர வேண்டிய நாள் காலையிலும் போன் செய்து நினைவூட்டுவது உங்கள் வேலை. மறந்து வராமல் இருந்ததற்காக ஒருவர் கூச்சப்படும்படி விடக்கூடாது.

படி 4: வாரங்களை எப்படி அடுக்குவது

8 வாரம் என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரம் குடும்பத்தாரும் வரலாம், பாதி நேரம். பிறகு அவர்களை வேறு அறைக்கு அனுப்பிவிடுங்கள். குழுவின் விதிகளை அன்றே பேச வேண்டும். அறையில் பேசியது வெளியே போகாது என்பது அதில் முதலாவது. யாருக்காவது உயிராபத்து என்றால் மட்டும் நீங்கள் வெளியே சொல்லியாக வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது வாரம் அன்றாடத் தடுமாற்றங்கள். மூன்றாவது, நான்காவது வாரங்களை நோயின் பெயருக்கும், அதைக் கேட்ட நாளைப் பற்றிய பேச்சுக்கும் விடுங்கள். "டாக்டர் சொன்ன அன்னைக்கு எங்க உட்கார்ந்திருந்தீங்க?" என்ற கேள்வி இதுவரை ஒரு தடவையும் வீணாகப் போனதில்லை. நேற்றைய சாப்பாடு நினைவில்லாதவர்கூட அந்த அறையின் சுவர் நிறத்தைச் சொல்லியிருக்கிறார். ஐந்தாவது வாரம், யாரிடம் சொல்வது, யாரிடம் சொல்லாமல் இருப்பது. இதற்கு ஒரு வாரம் போதவே போதாது, இழுத்துக்கொண்டு போகும், விட்டுவிடுங்கள். ஆறாவது வாரம் வண்டி ஓட்டுவது, பணம், கையெழுத்து, உயில் போன்ற கசப்பான காரியங்கள். வண்டிச் சாவியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், நோயைப் பற்றிப் பேசியபோது வராத கோபமெல்லாம் அன்று வரும். ஏழாவது வாரம் வரப்போகும் காலம். எட்டாவது விடைபெறுதல், குடும்பத்தார் மறுபடி வருவார்கள்.

இது ஒரு கோடு, அவ்வளவுதான். மூன்றாவது வாரம் பேச வேண்டியதை ஒருவர் முதல் வாரமே போட்டு உடைத்தால், உங்கள் அட்டவணையை மடித்துப் பைக்குள் வையுங்கள்.

படி 5: பேச்சு நடக்கும்போது

"போன வாரம் என்ன பேசினோம், யாருக்காவது ஞாபகம் இருக்கா?" என்று வாய் தவறியும் கேட்காதீர்கள். நல்லெண்ணத்தோடு கேட்பதுதான். ஆனால் அறையில் இருக்கும் அத்தனை பேரையும் ஒரே வாக்கியத்தில் தோற்கடித்துவிடும். நீங்களே சொல்லுங்கள்: "போன வாரம் வழி தவறினதைப் பத்திப் பேசினோம். ஒருத்தர் தன் தெருவிலேயே நின்னுட்ட கதையைச் சொன்னார்." பலருக்கு அங்கிருந்து நூல் பிடித்துக்கொள்ள முடியும். கிழமை என்ன, மாதம் என்ன என்று கேட்பதும் இதே வகை. அவர்களுக்கு அந்தப் பரிசோதனையெல்லாம் முடிந்துவிட்டது.

பதில் வரத் தாமதமானால் மனத்துக்குள் 10 வரை எண்ணுங்கள். சொல் சிக்கிக்கொண்டு தவித்தால், எடுத்துக்கொடுக்கட்டுமா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

உங்களிடம் கேட்கப்படும் கேள்விக்கு உடனே பதில் சொல்லாதீர்கள் என்பது எல்லாவற்றிலும் கடினமான பழக்கம். ஒருவர் உங்களைப் பார்த்து, "வீட்டுல எங்கிட்ட ஒண்ணும் கேக்காமலே எல்லாத்தையும் முடிவு பண்றாங்க, இது சரியா?" என்பார். உங்கள் வாயில் நாலு ஆலோசனை தயாராக இருக்கும். விழுங்கிவிட்டு, "இங்க வேற யாருக்காவது இப்படி நடந்திருக்கா?" என்று மட்டும் கேளுங்கள். மூன்று பேர் நிமிர்ந்து உட்காருவார்கள். யாராவது "எனக்கும் அப்படித்தான்" என்பார். நான் 40 நிமிடம் படம் போட்டு விளக்கிச் சாதிக்காததை இந்த இரண்டு சொல் சாதிப்பதை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். மருத்துவர் சொன்னால் அது தீர்ப்பு. மகள் சொன்னால் குற்றச்சாட்டு. பக்கத்து நாற்காலிக்காரர் சொல்லும்போது அது வெறும் செய்தியாகிவிடுகிறது. செய்தியைத்தான் மனிதர் உள்ளே வாங்க முடியும்.

ஓய்வு பெற்ற கணக்காசிரியை ஒருவர் ஒவ்வொரு வாரமும் கைப்பையில் மருத்துவமனை உறை ஒன்றைக் கொண்டுவருவார். பேச்சு நெருங்கி வரும்போதெல்லாம் உறையின் முனை பைக்கு வெளியே தெரியும், பிறகு உள்ளே போய்விடும். நானும் என் துணை நடத்துநரும் அதைக் கவனித்தோம், கேட்கவில்லை. நான்கு வாரம் இப்படியே போனது. ஐந்தாவது வாரம் ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர், தான் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மையார் உறையை எடுத்து அவரிடம் நீட்டி, "சார், என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் பாருங்க. நான் கண்ணாடி கொண்டு வரலை" என்றார். கண்ணாடி அவர் மூக்கின் மேலேயே இருந்தது. ஓட்டுநர் அதைச் சொல்லவில்லை. மெதுவாக வாசித்தார். நோயின் பெயர் வந்த இடத்தில் நிறுத்தி, "எனக்கும் இதே எழுத்துதான் போட்டிருக்காங்கம்மா" என்றார். அம்மையார் உறையைத் திரும்ப வாங்கி நாலாக மடித்து வைத்துக்கொண்டு, "அப்ப உங்களுக்கு என்ன மாத்திரை?" என்று கேட்டார்.

சொன்ன கதையையே ஒருவர் திரும்பத் திரும்பச் சொன்னால்? வார்த்தையைப் பிடிக்காமல் அதில் உள்ள உணர்ச்சியைப் பிடியுங்கள். "அந்த வேலையை நீங்க ரொம்ப நேசிச்சிருக்கீங்க, இல்லையா" என்றால் கதை ஒரு அடி நகரும். யாராவது அழுதால் டிஷ்யூ பெட்டியை நீட்ட அவசரப்படாதீர்கள். பக்கத்தில் இருக்கிறவர் கை நீட்டட்டும். "நாங்க யாருன்னே தெரியாமப் போயிடுமா?" என்று கேட்டால் இல்லை என்று பொய் சொல்ல முடியாது, ஆமாம் என்று அறையவும் கூடாது. எல்லாருக்கும் ஒரே வேகத்தில் போவதில்லை என்பது உண்மை, அதைச் சொல்லலாம். அதன் பிறகு அந்தப் பயத்தையே குழுவுக்கு முன்னால் வையுங்கள். தனக்கு ஒன்றும் இல்லை என்று உறுதியாகச் சொல்கிறவரோடு வாதாடாதீர்கள், மற்றவர்களையும் வாதாட விடாதீர்கள். அவர் வந்து உட்கார்ந்திருக்கிறார் அல்லவா, அது போதும்.

படி 6: வாசலில் நிற்கிறவர்கள்

அமர்வு முடிந்ததும் வாசலில் மகள் உங்களை ஓரமாக அழைத்து, "அப்பா இன்னைக்கு ஏதாவது பேசினாரா?" என்பார். அந்த ஓரப் பேச்சை அப்பா பார்த்துக்கொண்டிருப்பார். அவர் முன்னிலையிலேயே, "அவரையே கேளுங்களேன்" என்று சொல்லிவிடுங்கள். அவர் மறந்திருந்தாலும் உதவுவதற்காக, அன்று பேசிய பொருளைப் பெரிய எழுத்தில் ஒரே பக்கத்தில் அச்சிட்டு ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள். யார் என்ன சொன்னார் என்பது அதில் இருக்கக்கூடாது.

"அங்க நடந்தது எதுவுமே அவருக்கு ஞாபகம் இல்லை, போய் என்ன பயன்?" என்ற கேள்வியும் இதே வாசலில்தான் வரும். அயோவா பல்கலைக்கழகத்தில் அல்சைமர் நோயாளிகள் 17 பேருக்குச் சோகமான படத் துண்டுகளையும் மகிழ்ச்சியான படத் துண்டுகளையும் காட்டிப் பார்த்தார்கள், 2014இல் வெளியானது. என்ன பார்த்தோம் என்பது சில நிமிடத்தில் மறந்துபோனது. சோகமும் மகிழ்ச்சியும் அதன் பிறகும் நீடித்தன. குழுவிலிருந்து வீட்டுக்குப் போகிறவர் காரணம் தெரியாமலே கொஞ்சம் லேசாகப் போவார். மகளிடம் அவர் முகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

படி 7: முடிப்பது

முடிவை ஆறாவது வாரத்திலேயே சொல்லத் தொடங்குங்கள்: "இன்னும் 2 வாரம் இருக்கு." திடீரென்று நிறுத்தினால், நோயில் ஏற்கெனவே பலதை இழந்தவர்கள் மேல் இன்னொரு இழப்பை நாமே போடுகிறோம். தொடர்ந்து போவதற்கு ஏதாவது ஒன்று கையில் இருக்க வேண்டும்: மாதாந்திரச் சந்திப்போ, தூண்டல் சிகிச்சைக் குழுவோ, இணையவழி கூட்டமோ. டிமென்ஷியா உள்ளவர்களே சேர்ந்து 2014இல் தொடங்கிய டிமென்ஷியா அலையன்ஸ் இன்டர்நேஷனல் போன்ற அமைப்புகள் இணையத்தில் குழு நடத்துகின்றன.

கடைசி நாளில் ஒருவருக்கொருவர் தொலைபேசி எண் கொடுக்க விரும்பினால், அதை அவர்களே எழுதட்டும். எழுத்து கோணலாக இருந்தாலும் நீங்கள் திருத்தி எழுதாதீர்கள். அந்த ஓட்டுநர் தன் எண்ணில் ஓர் இலக்கத்தை விட்டுவிட்டார். கணக்காசிரியை எண்ணிப் பார்த்துவிட்டு, "சார், ஒண்ணு குறையுது" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார்.